கல்லைத் திருப்பிப் பாருங்கள்

வணக்கம். காரைக்குடிப் பக்கத்தில் எங்கள் பூர்வீக வீட்டில் மராமத்து வேலை நடக்கிறது. வேலைக்கு வந்த ஆத்தங்குடிப் பையன் வளவுச் சுவரில், அதாவது உள்முற்றத்துச் சுவரில், பதித்திருக்கும் பூப்போட்ட டைல்ஸ் கல்லைத் தடவிப் பார்த்துவிட்டு, "இது எங்க ஊர்க் கல்லு இல்லீங்க ஆச்சி, கப்பல்ல வந்தது" என்றான். சுவரில் முட்டை வெள்ளைக்கரு பூசியதும் கட்டுக்கதையாம். அப்பச்சிக்குப் பெருங்கோபம். எண்பது வயது, இந்த வீட்டிலேயே பிறந்தவர். "நேத்துப் பய எனக்குச் சொல்றானா?" என்கிறார். யாரை நம்புவது?
ஒரு வாசகி, தேவகோட்டை

அன்புள்ள ஆச்சி,

இரண்டு பேரையும் விடுங்கள், கல்லைக் கேளுங்கள். சுவரில் ஆட்டம் கண்ட கல் ஒன்றாவது இருக்கும், அதைப் பெயர்த்துத் திருப்பிப் பாருங்கள். ஆத்தங்குடிக் கல் சூளைக்கே போகாதது. கண்ணாடி மேல் அச்சை வைத்து, வண்ணக் கலவையைக் கரண்டியால் ஊற்றி, அதன்மேல் சிமெண்டும் மணலும் போட்டு அழுத்தி, தண்ணீர்த் தொட்டியில் ஊறவைத்து எடுப்பார்கள். அந்த வழவழப்பு கண்ணாடி கொடுத்தது, முதுகுப்பக்கம் சொரசொரவென்று சிமெண்டாகவே இருக்கும். ஜப்பானிலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் வந்த கற்களும் நம் பக்கத்து வீடுகளில் உண்டு. அவை சுட்ட மண், மெல்லிசு, மேலே பளபளவென்று மெருகு. பல கற்களின் முதுகில் ஆங்கில எழுத்தே புடைத்து நிற்கும்.

கல் விஷயத்தில் பையன் சொன்னது சரியாக இருக்கலாம், அவன் கை தினமும் அதிலேயே கிடக்கிறது. ஆனால் வெள்ளைக்கரு விஷயத்தில் அப்பச்சி பக்கம்தான் நியாயம். கடைசிப் பூச்சில் சுண்ணாம்போடு அதைச் சேர்த்தது உண்மை. ஒன்றில் சரியாகச் சொன்னான் என்பதற்காக மற்றதையும் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை, ஒன்றில் தவறினான் என்று விரட்டவும் வேண்டாம்.

பர்மாவிலும் மலாயாவிலும் கடை வைத்த நம் ஆட்கள் இதை நன்றாக அறிந்தவர்கள். ஐந்தொகைக் கணக்கு இடித்தால், கடையை நடத்தும் மேலாள் எழுதியதாயிற்றே என்று விட்டுவிடுவார்களா? பெட்டியடியில் எடுபிடி வேலை பார்க்கும் பையன் கண்டுபிடித்தாலும் தப்பு தப்புதான்.

இருபது வயதில் ஒரு கணக்கில் கூட்டல் பிழையைக் காட்டப்போய், "நீ என்ன படிச்சிருக்கே?" என்ற கேள்வியோடு திரும்பி வந்தவன் நான். அந்தக் கேள்வியைக்கூட மறந்துவிட்டேன் என்று வையுங்கள், அந்தத் தாளை ஒருவர்கூட வாங்கிப் பார்க்கவில்லை என்பது இன்றும் வலிக்கிறது.

சரி, கல்லைப் பெயர்க்கும்போது அப்பச்சிக்குப் பக்கத்திலேயே ஒரு நாற்காலி போடுங்கள். பையன் எடுத்து அவர் கையில் கொடுக்கட்டும், மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதலில் அவரே பார்க்கட்டும்.