பாபநாசம் சிவன்: வீதியும் திரையும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பாபநாசம் சிவனைத் ‘தமிழ்த் தியாகராஜர்’ என்று சொல்லித்தான் எங்கள் பாட்டு வகுப்பில் அறிமுகம் செய்தார்கள். பிறகு எம்.கே. தியாகராஜ பாகவதரின் படப் பாடல்களிலும் அவர் பெயரைக் கண்டபோது துணுக்குற்றேன். கபாலீஸ்வரரைப் பாடியவர் ‘மன்மத லீலையை வென்றார் உண்டோ’ என்றும் எழுதியதை எப்படிப் புரிந்துகொள்வது? வறுமைதான் காரணமா?

எஸ்., கும்பகோணம்

அன்புள்ள எஸ்.,

பணத்தேவை இருந்திருக்கும், அதை மட்டும் காரணமாகச் சொன்னால் அவர் எங்கிருந்து வந்தவர் என்பது மறைந்துவிடும். 1890இல் தஞ்சைப் பகுதியின் போலகத்தில் ராமையாவாகப் பிறந்து, ஏழு வயதில் தந்தையை இழந்து, தாயுடன் திருவனந்தபுரம் போய், அங்கே சமஸ்கிருதம் பயின்று, பக்திப் பாடலாசிரியர் நீலகண்ட சிவனின் பாடல்களில் ஊறி வளர்ந்தவர் அவர். தாய் மறைந்தபின் அண்ணன் இருந்த பாபநாசத்துக்கு வந்து, கோயில் கோயிலாகச் சென்று பாடினார், ஊர்ப்பெயர் ஒட்டிக்கொண்டது. மயிலாப்பூருக்குக் குடிவந்த பிறகும் மார்கழி விடியலில் நான்கு மாடவீதிகளையும் சுற்றிப் பாடிக்கொண்டு போனவர். அவருடைய முதல் மேடை வீதி.

வீதிப் பஜனையில் நடந்துகொண்டே பாட வேண்டும். பின்னால் வருகிறவர் ஒருமுறை கேட்டதும் வாங்கிப் பாட வேண்டும். ஆகவே பாட்டின் தொடக்க அடியான பல்லவி சுருக்கமாகவும், ராகத்தின் முகம் முதல் அடியிலேயே தெரியும்படியும் இருந்தாக வேண்டும். காம்போதி ராகத்தில் அமைந்த ‘காணக் கண் கோடி வேண்டும்’ பாடலின் பல்லவியை யாரும் உடனே பிடித்துக்கொள்ளலாம். அடுத்து வரும் அனுபல்லவியோ நிற்காமல் நீள்கிறது: மாணிக்கம், வைரம், மலர்மாலை என்று நகர்ந்து, முகத்துக்கு வந்ததும் இது அந்தி வானமா, தாமரைக் காடா என்று மயங்கி, ‘பவனி’ என்ற சொல்லில்தான் மூச்சு விடுகிறது. கூட்டத்தில் எக்கி நின்று சுவாமி கடந்துபோவதைப் பார்த்தவர்களுக்கு அந்த வாக்கியத்தின் நீளம் எதற்கென்று புரியும்.

சினிமா கேட்டதும் இதே கைத்திறனைத்தான். 1944இல் வந்த ‘ஹரிதாஸ்’ படத்துக்கு அவர் எழுதி மெட்டமைத்த, நீங்கள் குறிப்பிடும் அந்தப் பாடல், கச்சேரிப் பக்கமே போகாதவர்களின் வாயிலும் சாருகேசி ராகத்தை ஏற்றிவிட்டது. மூன்று தீபாவளி கண்ட படம் அது. அதற்கு முன்பே, 1939இல், ‘தியாகபூமி’யில் சம்பு சாஸ்திரியாக அவரே நடித்துமிருந்தார். ஒளித்துக்கொண்டு செய்த வேலையாக இது எனக்குத் தோன்றவில்லை.

சங்கீத கலாநிதி விருது 1971இல்தான் வந்தது. அடுத்த இரண்டு ஆண்டுகளில் காலமானார். ‘தமிழ்த் தியாகராஜர்’ என்ற பட்டத்தில் மரியாதை இருக்கிறது, ஆனால் அதை வைத்துத்தான் நீங்கள் துணுக்குற்றிருக்கிறீர்கள். பாட்டுப் பயின்றவர் நீங்கள். சுருதிப்பெட்டியை மட்டும் வைத்துக்கொண்டு இரண்டு பல்லவிகளையும் அடுத்தடுத்துப் பாடிப் பாருங்கள்.