சாராள் தக்கரும் பாளையங்கோட்டைத் தெருக்களும்

மதிப்பிற்குரிய ஐயா,

நான் பாளையங்கோட்டை சாராள் தக்கர் பள்ளியில் படித்தவள். அந்த அம்மையார் கப்பலில் வந்திறங்கி, முருகன்குறிச்சியில் தங்கி, தாமே பள்ளியை நடத்தினார் என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். இது உண்மையா? திருநெல்வேலி டவுனில் இல்லாத அளவுக்குப் பாளையில் மட்டும் தெருவுக்குத் தெரு பள்ளிகள் அமைந்தது எதனால்?

ஒரு வாசகி

அன்புள்ள அம்மா,

வணக்கம். சாராள் தக்கர் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. சென்னையில் சி.எம்.எஸ். என்ற ஆங்கிலேய மிஷனரி சபையின் பணியில் இருந்த சகோதரர் ஜான் தக்கரின் வழியாகத் திருநெல்வேலிச் சீமைப் பெண்களின் நிலையை அறிந்துகொண்டு, உடல்நலம் குன்றிய நிலையிலும் இங்கிலாந்தில் இருந்தபடியே தம் தோழியருடன் சேர்ந்து பணம் திரட்டியவர் அவர். 1857இல் அவர் மறைந்தார்; அடுத்த ஆண்டு அவர் பெயரில் நிறுவனம் தொடங்கியது. தொடங்கிய இடமும் பாளையங்கோட்டை அன்று, தெற்கே பனைமரங்களுக்கு நடுவே இருக்கும் கடாட்சபுரம். 1860களின் தொடக்கத்தில்தான் அது பாளைக்கு வந்தது. வராத ஒருவரை முருகன்குறிச்சியில் குடிவைத்த உங்கள் வீட்டுப் பெரியவர்களின் அன்பை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் கடாட்சபுரத்தை மறந்துவிட்டால் இந்தப் பள்ளி எதற்காக ஏற்பட்டது என்பதே புரியாமல் போகும். அது முதலில் ஆசிரியைகளைப் பயிற்றுவிக்கவே ஏற்பட்டது. கிராமத்துச் சபைகளில் பள்ளிக்கூடம் இருந்தும், பாடம் சொல்லித்தரப் பெண்கள் இல்லாததால் வளர்ந்த பெண்பிள்ளைகளை அனுப்பத் தயங்கிய வீடுகள் பல. நாட்டுப்புறத்துப் பெண்களையே விடுதியில் வைத்துப் படிப்பித்து, ஆசிரியைகளாக ஊருக்குத் திருப்பி அனுப்புவதுதான் அதற்குக் கண்ட வழி. 1895இல் கல்லூரியாக உயர்ந்தது பெருமைதான். என்றாலும் பாளைக்கு வழங்கும் ‘தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு’ என்ற பட்டத்தை மட்டும் மேடைதோறும் முழங்குகிறவர்கள், தேரி எனப்படும் செம்மணல் காட்டுப் பள்ளிகளுக்குத் திரும்பிப் போன அந்த முதல் தலைமுறை ஆசிரியைகளைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாதது எனக்கு உவப்பாக இல்லை.

இனி தெருக்கள். நெல்லையப்பர் கோயிலின் ரத வீதிகளைச் சுற்றிக் கடைகளும் வீடுகளுமாக நெருங்கி வளர்ந்தது டவுன். தாமிரபரணி ஆற்றுக்குக் கிழக்கே இருந்த பாளையோ கோட்டையும் படையுமாக இருந்த ஊர். ஊமைத்துரை சிறையிருந்து 1801இல் தப்பியது இங்கிருந்துதான். பாளையக்காரர் போர்கள் ஓய்ந்தபின் கோட்டைக்கு வேலை குறைந்தது, பிற்பாடு மதில்களும் இடிபட்டன. குளோரிந்தா அம்மாள் என்ற கிறிஸ்தவப் பெண்மணி கட்டிய, 1785இல் பிரதிஷ்டையான ஆலயம் கோட்டைக்குள்ளேயே இருந்தது. 1820இல் வந்த மிஷனரி ரேனியஸ் ஐயரோ கோட்டைக்கு வெளியே முருகன்குறிச்சியில் வேங்கு முதலியாரிடம் நிலம் பெற்றார்; நாம் ஊசிக் கோபுரம் என்று சொல்லும் ஆலயம் 1826இல் அங்கே எழுந்தது. விடுதியோடு கூடிய பள்ளிக்கு வேண்டிய விசாலமான வளாகம் டவுனின் நெருக்கத்தில் கிடைத்திருக்காது. 1843இல் சுலோசன முதலியார் பாலம் கட்டியபின் ஆற்றைக் கடப்பதும் எளிதாயிற்று.

ஒரு பள்ளி இன்னொன்றுக்கு வழிவகுத்ததையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 1890இல் பார்வையற்றோர் பள்ளியைத் தொடங்கிய ஆஸ்க்வித் அம்மையார் சாராள் தக்கர் நிறுவனத்தில் பணிபுரிந்தவர். அந்த நூற்றாண்டு முடிவதற்குள் புளோரன்ஸ் சுவேன்சன் அம்மையார் செவித்திறன் குறைந்த பிள்ளைகளுக்கும் பாளையிலேயே பள்ளி திறந்தார்.