கிராஃபிக்ஸ் கார்டும் வடக்கு ஜன்னலும்

அன்புள்ள ஐயா,

மஸ்கெலியாப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருந்து எழுதுகிறேன். கல்யாண ஆல்பம், சடங்கு வீட்டு வீடியோ, திருவிழா நோட்டீஸ் எல்லாம் வீட்டிலேயே செய்து கொடுக்கிறேன். ஒரு மொனிட்டரில் மாற்றி மாற்றி வேலை செய்து அலுத்துவிட்டது, மூன்று மொனிட்டர் போட ஆசை. பம்பலப்பிட்டியில் ஒரு கடையில் கேட்டேன். மூன்று மொனிட்டர் என்றால் 16 ஜிபி கிராஃபிக்ஸ் கார்ட் இல்லாமல் முடியாது என்கிறார்கள். கையில் சீட்டுப் பணம் இரண்டு இலட்சம் ரூபா இருக்கிறது. எந்தக் கார்ட் வாங்கலாம்? பாவித்த கார்ட் சரிவருமா? லயத்துக் காம்பராவுக்குள் இருந்துகொண்டு இதெல்லாம் தேவையா என்று சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள். நீங்கள் உங்கள் புத்தகங்களை நீங்களே வடிவமைப்பவர் என்பதால் எழுதுகிறேன். கடைசியாகச் செய்த ஆல்பத்தின் ஒரு பக்கத்தை இணைத்திருக்கிறேன்.

வாசகர், மஸ்கெலியா

அன்புள்ள தம்பி,

சொந்தக்காரர்கள் கேட்பதற்கு நான் பதில் எழுதப்போவதில்லை. ஆனால் அந்த வரியை எழுதும்போது உங்கள் குரல் ஏன் இறங்குகிறது? கொழும்பில் பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் ஸ்டூடியோ நடத்துகிறவன், அறை சிறியது என்று யாரிடமும் மன்னிப்புக் கேட்பதில்லை. உங்களுக்கு மட்டும் எதற்கு? இனிமேல் இப்படி எழுத வேண்டாம்.

கடைக்காரர் சொன்ன கணக்கு தவறு. சாதாரண 1920க்கு 1080 மொனிட்டரில் சுமார் இருபது இலட்சம் புள்ளிகள். புள்ளிக்கு நான்கு பைட் என்று வைத்தால் ஒரு திரைக்கு 8 எம்பி சொச்சம். மூன்று திரைக்கும் 25 எம்பி. விண்டோஸ் தன் பங்குக்கு இன்னும் சில நூறு எம்பி எடுத்துக்கொள்ளும், அவ்வளவுதான். படத்தை மூன்று திரையில் விரித்துப் போடுவதற்கு யாருக்கும் 16 ஜிபி தேவையில்லை. சந்தையில் இருக்கும் ஜீஃபோர்ஸ் கார்டுகளில் பெரும்பாலானவை நான்கு திரை வரை தாங்கும். நீங்கள் பார்க்க வேண்டியது பின்பக்கத்துத் துளைகளை. பொதுவாக மூன்று டிஸ்ப்ளேபோர்ட், ஒரு எச்டிஎம்ஐ இருக்கும். டிஸ்ப்ளேபோர்ட்டில் இருந்து எச்டிஎம்ஐக்கு மலிவான வயரே போதும். பழைய விஜிஏ மொனிட்டர் வைத்திருந்தால் அதற்கு மாற்றும் கருவி தனியாக வேண்டும். ப்ரொசெசர் இன்டெல் என்றால் பெயரின் கடைசியில் எஃப் என்ற எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். அந்த எழுத்து இல்லையென்றால் கார்டே போடாமல் மதர்போர்டிலேயே இரண்டு திரை ஓடக்கூடும்.

அப்போ கார்ட் எதற்கு? வீடியோவுக்கு. போட்டோஷொப்பில் ஆல்பம் செய்வதற்குக் கார்டைவிட ரேம்தான் முக்கியம். வீடியோ வெட்டி ஒட்டும் டாவின்சி ரிசோல்வ் மென்பொருள் அப்படியில்லை, பெரும்பாலும் கார்டை நம்பி ஓடுவது. கார்டின் மெமரி போதாவிட்டால் பாதி வழியில் நின்றுவிடும். ஆர்டிஎக்ஸ் 3060இன் 12 ஜிபி வகையும் 4060உம் உங்கள் வேலைக்கு ஏற்றவை. முன்னது 170 வாட் இழுக்கும், மெமரி அதிகம். பின்னது 115 வாட், 8 ஜிபி. இரண்டுக்கும் 550 வாட் பவர் சப்ளை வேண்டும். பாவித்த கார்ட் என்றால் கவனம். 2022 செப்டம்பரில் எதிரியம் என்ற இணைய நாணயத்தைக் கார்ட் வைத்துக் கணக்குப் போட்டுத் தோண்டும் வேலை நின்றுபோனது. இரவு பகலாக ஓடிக் களைத்த கார்டுகள் அதற்குப் பிறகு சந்தைக்கு வந்தன. காசு கொடுக்கும் முன் அரை மணி நேரம் ஓடவிட்டு ஃபேன் சத்தத்தைக் கேளுங்கள். துளைகளின் ஓரத்தில் பச்சை பூத்திருந்தால் ஈரத்தில் கிடந்த கார்ட், வைத்துவிட்டு வாருங்கள். அப்புறம் ஐப்பசி இடி. மழை இருட்டும்போதே பிளக்கைக் கழற்றிவிடுங்கள், ரவுட்டரையும் சேர்த்து.

கார்ட் கதை இவ்வளவுதான். எனக்குக் கோபம் வேறொன்றில். இவ்வளவு நீளக் கடிதத்தில் மொனிட்டரின் நிறத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. மூன்று வேண்டும் என்கிறீர்கள். என்ன மூன்று? மலிவான மூன்று மொனிட்டரை வரிசையாக வைத்தால் ஒரே முகம் ஒன்றில் மஞ்சள் பூசியும் இன்னொன்றில் காய்ச்சல் கண்டும் மூன்றாவதில் சுண்ணாம்படித்தும் தெரியும். எதை நம்பி ஆல்பத்தை அச்சுக்குக் கொடுப்பீர்கள்?

நான் பட்டதைச் சொல்கிறேன். என் இரண்டாவது சிறுகதைத் தொகுப்புக்கு அட்டைப்படம் நானே செய்தேன். கவ்வாத்து முடிந்து முதல் கொழுந்து விடும் மலை, அந்த இளம்பச்சை. பின்னறையில், இரவில், மஞ்சள் பல்பின் கீழ் உட்கார்ந்து, மொனிட்டரின் வெளிச்சத்தை உச்சத்தில் வைத்து மூன்று வாரம் செய்தேன். முந்நூறு பிரதி அச்சாகி வந்தது. மழையில் நனைந்த பாசி மாதிரி கறுத்துக் கிடந்தது மலை. கொழும்புக்கு ரயிலேறிப் போய் அச்சகத்தில் சண்டை போட்டேன். அந்த மனிதர் ஒன்றும் பேசவில்லை. அட்டையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார், வெயிலில் பிடித்துப் பார்த்தார், பிறகு கேட்டார்: "இத எந்த வெளிச்சத்துல வச்சுப் பாத்துச் செஞ்சீங்க?"

திரும்பி வரும்போது வட்டவளையில் ரயிலுக்குள் மூடுபனி புகுந்தது. அப்போதுதான் அப்பாவின் நினைவு வந்தது. வெட்கமாகப் போய்விட்டது.

அப்பாவுக்கு ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், தூள் சலிக்கும் வேலை. சின்ன வயதில் ஒருநாள் சோற்றுப் பொட்டலம் கொண்டுபோனபோது தேயிலை ருசி பார்க்கும் அறையைக் கதவோரமாகக் காட்டினார். வடக்குப் பார்த்த நீளமான ஜன்னல், அதன் கீழ் மேசை, மேசையில் வெள்ளைக் கோப்பைகள் வரிசையாக. வெயில் நேராக விழாமல் வெளிச்சம் மட்டும் ஒரே அளவாக வர வேண்டும் என்றுதான் அந்த ஜன்னல். சாயத்தை வடித்த பிறகு வெந்த இலையைக் கோப்பையின் மூடியைக் கவிழ்த்து அதன்மேல் தட்டி வைத்திருந்தார்கள். நல்ல இலை புதுச் செப்புக்காசு மாதிரி மினுங்கும். டீமேக்கர் ஐயா குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோது பனி வந்து ஜன்னலை மூடியது. அவர் நிமிர்ந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார். தலைக்கு மேலே பல்பு இருந்தது, போடவில்லை. ஏன் போடவில்லை என்று அப்பாவிடம் கேட்டேன். "மஞ்ச பல்புல எல்லா எலையும் நல்ல எலதான்டா" என்றார்.

நான் எழுதப் படித்தவன். முந்நூறு அட்டையைப் பாழாக்கிய பிறகுதான் அது எனக்கு விளங்கியது. திரை தானே ஒளி விடுவது, காகிதம் மேலே விழும் ஒளியைத் திருப்பித் தருவது. வெளிச்சத்தை உச்சத்தில் வைத்துப் பார்த்த படம் காகிதத்தில் இருட்டாகத்தான் வரும். போதாததற்கு நான் ஆசைப்பட்ட இளம்பச்சை, அச்சகத்தின் நான்கு மைகளில் எதைக் கலந்தாலும் முழுதாக வராத பச்சை. கார்டுக்கு இதில் ஒரு வேலையும் இல்லை. ஐந்து இலட்சம் ரூபாக் கார்ட் போட்டாலும் பொய் சொல்கிற மொனிட்டர் பொய்தான் சொல்லும், கொஞ்சம் வேகமாகச் சொல்லும்.

ஆகவே மூன்றை மறந்துவிடுங்கள். ஒன்று, நல்லதாக. ஐபிஎஸ் வகைத் திரை, எஸ்ஆர்ஜிபி என்ற பொதுவான நிறவெளியை நூறு சதவீதம் காட்டுவது என்று பெட்டியில் போட்டிருக்க வேண்டும். டிஎன் வகை வேண்டாம், தலையைத் தாழ்த்தினால் ஒரு நிறம், நிமிர்த்தினால் ஒரு நிறம். இப்போது இருக்கும் பழைய மொனிட்டரைப் பக்கத்தில் வைத்து ஃபைல்களையும் டூல்களையும் அதில் போடுங்கள். முகம் மட்டும் நல்ல திரையில். திரையை மஞ்சளாக்கும் விண்டோஸின் நைட் லைட்டை அணையுங்கள். பல்பை வெள்ளைக்கு மாற்றுங்கள். பகலில் ஒரு வெள்ளைத் தாளைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்து, திரையின் வெள்ளையும் தாளின் வெள்ளையும் ஒன்றாகத் தெரியும்வரை வெளிச்சத்தைக் குறையுங்கள். முதலில் மங்கலாகத் தோன்றும், இரண்டு நாளில் பழகிவிடும். நிறம் அளக்கும் கருவி விலை அதிகம். நோர்வூட், பொகவந்தலாவைப் பக்கம் இதே வேலை செய்யும் நாலு பேர் சேர்ந்து ஒன்று வாங்கி மாதம் ஒருவர் வைத்துக்கொள்ளலாம். சீட்டுப் பிடிக்கத் தெரிந்தவர்களுக்கு நான் சொல்லித்தரவா வேண்டும்?

மிச்சக் காசில் கார்ட். மேலே சொன்ன இரண்டில் எது கிடைக்கிறதோ அது.

நீங்கள் அனுப்பிய பக்கத்தைப் பார்த்தேன். மணப்பெண்ணின் தாய் மகளின் நெற்றியைத் துடைக்கும் படத்தை ஓரத்தில் சின்னதாக வைத்திருக்கிறீர்கள். பக்கத்தையே அதற்குக் கொடுத்திருக்கலாம். ஆனால் அந்தத் தாயின் சேலை என் போனில் கத்தரிப்பூ, கணினியில் அரக்கு, வீட்டுக்காரம்மாவின் போனில் ஏறக்குறைய சிவப்பு. அடுத்த முறை அந்த வீட்டுப் பக்கம் போனால் சேலையை வாசலுக்கு எடுத்துவரச் சொல்லிப் பார்த்துவிட்டு, என்ன நிறம் என்று எழுதுங்கள்.