மூலிகைத் தேநீரில் ஆன்டிஆக்ஸிடன்ட் அதிகமாமே, தினமும் மூன்று வேளை குடிக்கலாமா?

குடிக்கலாம். ஆனால் ரத்தச்சோகை உள்ளவருக்குச் சாப்பாட்டோடு சேர்த்துக் கொடுக்காதீர்கள். நீங்கள் கேட்பதைப் பார்த்தால் வீட்டில் வயதானவர் யாருக்கோதான் என்று நினைக்கிறேன். நானும் அம்மாவுக்காகத்தான் தொடங்கினேன்.

மும்பை மாட்டுங்காவில் இருக்கிறோம். இங்கே காய்கறிக் கடையிலேயே தேநீருக்கென்று எலுமிச்சைப்புல்லைக் கட்டாக விற்பார்கள். மராத்தியில் அதற்குக் 'கவ்தி சஹா' என்று பெயர். அதோடு துளசி, புதினா, கற்பூரவல்லி. கல்லூரி வேதியியல் ஆய்வகத்தில் 22 ஆண்டுகள் உதவியாளராக இருந்தவள் நான். ஆன்டிஆக்ஸிடன்ட் திறனைச் சோதிக்கப் பயன்படும் ஊதா நிற டிபிபிஹெச் கரைசலில் துளசிச் சாற்றை விட்டதும் அது மஞ்சளாக வெளிறுவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். இலையில் இருக்கும் ரோஸ்மாரினிக் அமிலம் போன்ற பாலிஃபீனால்கள் என்ற ஆன்டிஆக்ஸிடன்ட்டுகள் செய்கிற வேலை அது. சோதனைக் குழாயில் நடப்பது உடம்பிலும் அப்படியே நடக்கும் என்று நம்பி, மூன்று வேளையும் சாப்பாடு முடிந்த கையோடு ஒரு டம்ளர் கொடுத்தேன். இரும்புச்சத்து மாத்திரையையும் அதிலேயே விழுங்கச் சொன்னேன்.

நான்கு மாதமாகியும் ஹீமோகுளோபின் 9-ஐத் தாண்டவில்லை. எதோடு மாத்திரை போடுகிறார் என்று மருத்துவர் கேட்டபோதுதான் புரிந்தது. நான் பெருமையாகக் கொடுத்த அதே பாலிஃபீனால்கள் இரும்பைப் பற்றிக்கொண்டு, குடல் உறிஞ்சவிடாமல் தடுக்கின்றன. புதினாத் தேநீருக்கும் அந்தக் குணம் உண்டு. இரண்டு மணி நேர இடைவெளி விடச் சொன்னார். அடுத்த மூன்று மாதத்தில் 10.8 ஆனது. அதனால் மட்டுமே ஏறியது என்று நான் சொல்லவில்லை; முருங்கைக்கீரையும் சேர்த்தோம். நாட்டு மருந்துக்கு நான் எதிரி என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். இன்றும் மாலை நான்கு மணிக்கு நாங்கள் இருவரும் குடிக்கிறோம்.

பாக்கெட்டில் போட்டிருக்கும் ஆன்டிஆக்ஸிடன்ட் எண்ணைப் பார்த்து வாங்காதீர்கள். உணவுகளின் ஆன்டிஆக்ஸிடன்ட் திறனைச் சோதனைக் குழாயில் அளந்து சொல்லும் 'ஓராக்' அளவுப் பட்டியலை அமெரிக்க வேளாண் துறையே 2012-இல் நீக்கிவிட்டது, மனித உடலில் ஏற்படும் பலனை அந்த எண்கள் காட்டுவதில்லை என்று. பச்சை இலையே போதும். கொதித்த நீரை இறக்கி, இலையைப் போட்டுத் தட்டால் மூடி ஐந்து நிமிடம் வையுங்கள். திறந்து வைத்துக் கொதிக்கவிட்டால் புல்லின் சிட்ரால், துளசியின் யூஜினால் போன்ற வாசனைப் பொருட்கள் ஆவியோடு போய்விடும்.

இலைக்கு என்னிடம் ஏழு தொட்டிகள் இருந்தன. நடைபாதையில் எதுவும் வைக்கக்கூடாது என்று எங்கள் குடியிருப்புச் சங்கத்தார் போன மாதம் எடுத்துப் போட்டுவிட்டார்கள். அதே நடைபாதையில் செருப்பு அலமாரிகள் அப்படியே இருக்கின்றன. அம்மா கையால் நட்ட கற்பூரவல்லியும் அந்தத் தொட்டிகளில் ஒன்றில்தான் இருந்தது. சங்கத்துக்கு இரண்டு முறை எழுதிக் கொடுத்தும் இதுவரை பதில் இல்லை.