சோபாவுக்கு மேலே ஒரு காவடிப் பூ

கேள்வி: தென்னாப்பிரிக்காவில், டர்பன் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறேன். தைப்பூசக் காவடியில் போனில் எடுத்த படத்தைக் கலைடாஸ்கோப் ஓவியமாக்கி, சோபாவுக்கு மேலே மாட்ட ஆசை. செய்து பார்த்தால் வெறும் கலர்க் குழம்பாக வருகிறது. சோபா 2 மீட்டர். எதிரே வடக்கு பார்த்த பெரிய ஜன்னல்.

பதில்: முழுப் படத்தையும் உள்ளே திணித்திருப்பீர்கள். தேவை ஒரே ஒரு கீற்று, தர்பூசணிக் கீற்று மாதிரி. 1816-ல் ஸ்காட்லாந்து விஞ்ஞானி டேவிட் ப்ரூஸ்டர் கண்டுபிடித்த கலைடாஸ்கோப் குழாயிலும் இதே கதைதான்: இரண்டு கண்ணாடிகள் 30 டிகிரியில் நின்றால், ஒரு கீற்று பன்னிரண்டாகத் தெரியும்.

கீற்றின் விளிம்பில்தான் சூட்சுமம். ஒரு கோடு விளிம்பைச் செங்குத்தாகத் தொட்டால் அடுத்த கீற்றோடு வழுக்கிச் சேர்ந்து வளையமாகும். சாய்வாகத் தொட்டால் நட்சத்திர முனை விழும். கோலம் போடுகிற கைக்கு இது சொல்லாமலே புரியும். காவடியின் மயில்தோகைக் கண்ணில் பாதி மட்டும் விளிம்பில் விழட்டும். மீதிப் பாதியைப் பக்கத்துக் கீற்று கொடுத்துவிடும். பச்சை, நீலம், சாமந்தி மஞ்சள் போதும். சாமி முகத்தை மட்டும் வெட்டாதீர்கள். ஆறுமுகனுக்கே பன்னிரண்டு கண்தான். இதில் இருபத்துநான்கு வந்து முறைக்கும்!

சோபா அகலத்தில் மூன்றில் இரண்டு பங்கு படம் இருந்தால் கண்ணுக்கு நிறைவு. 60 செ.மீ. சதுரம் இரண்டை 10 செ.மீ. இடைவெளியில் மாட்டலாம். சுவர்ப் படத்துக்கு அங்குலத்துக்கு 150 புள்ளி போதும். கீற்று படத்தின் நடுவிலிருந்து ஓரம் வரை, அதாவது 30 செ.மீ.; அப்படியானால் அதன் நீளம் சுமார் 1,800 பிக்சல். 12 மெகாபிக்சல் போன் தாராளமாகத் தரும். வாட்ஸ்அப்பில் அனுப்பி வாங்கிய பிரதி சுருங்கியிருக்கும், அசல் கோப்பையே எடுங்கள்.

வெயில் விஷயத்தில் தமிழ்நாட்டுப் பத்திரிகைகளை நம்பாதீர்கள். அங்கே தெற்கு ஜன்னல் என்றால் நமக்கு வடக்கு. டர்பனில் நடுப்பகல் சூரியன் வருடம் முழுக்க வடக்கேதான்; ஜூன், ஜூலையில் தாழ்ந்து வந்து உங்கள் சோபாச் சுவரையே தொடும். அதனால் எளிதில் வெளுக்காத நிறமி மையில் அச்சடிக்கச் சொல்லுங்கள், மெல்லிய திரையும் போடுங்கள். கண்ணாடிச் சட்டம் வேண்டவே வேண்டாம்: பூவுக்குப் பதில் ஜன்னல்தான் தெரியும். என் தேர்வு பளபளப்பில்லாத கேன்வாஸ். கோடையில் இங்கே காற்றே ஈரம், பூஞ்சை பிடிக்கும். சட்டத்தின் பின்மூலைகளில் கார்க் துண்டு ஒட்டிக் காற்றுக்கு வழி விடுங்கள்.

அச்சுக்குக் கொடுக்குமுன் ஏ4 தாளில் எடுத்து ஒரு வாரம் சுவரில் ஒட்டி வையுங்கள். ஏழாம் நாளும் பிடித்திருந்தால் பெரிதாக்கலாம்.