வெள்ளிக்கிழமை மீன் தலைக் கறி சாப்பிடலாமா? - ஃபாதரைக் கேளுங்க

இந்த 2026ஆம் வருஷம் நம்ம கேஎல்ல, அதான் கோலாலம்பூர்ல, மூணு விசேஷமும் அடுத்தடுத்து வந்துச்சு, பிப்ரவரி 17 சீனப் பெருநாள் (சீனப் புத்தாண்டு), 18 ஈஸ்டருக்கு முன்னாடி வர்ற நம்ம தவக்காலம் தொடங்குற சாம்பல் புதன், 19 ரம்ஜான் நோன்புத் தொடக்கம். சீனப் பெருநாள் ஆரஞ்சு இன்னும் மேசையில இருக்கு, மலாய்க்கார நண்பருங்க விடியறதுக்கு முன்னாடி சஹூர் சாப்பாட்டுக்கு எந்திரிக்கிறாங்க, நம்ம ஆளுங்க நெத்தியில சாம்பலோட எல்.ஆர்.டி. ரயில்ல போறாங்க. அதனாலயோ என்னவோ தவக்காலக் கேள்விங்க நிறைய வந்திருக்கு, பாதிக்கு மேல சாப்பாட்டைப் பத்திதான். எல்லாத்துக்கும் இங்க இடம் பத்தாது. கேட்டவங்க பேரு போடல, ஏரியா மட்டும் போட்டிருக்கேன்.

ஃபாதர், வெள்ளிக்கிழமை மாமிசம்தான் கூடாது, மீன் சாப்பிடலாம்னு சொல்றாங்க. நாங்க ஆபீஸ் ஆளுங்க நாலு பேரு தவக்கால வெள்ளின்னா வாழை இலைக் கடைக்குப் போய் மீன் தலைக் கறி, இறால் சம்பல்னு சாப்பிடுறோம். இது தப்பா? - வாசகர், பிரிக்ஃபீல்ட்ஸ்

சட்டத்தை மட்டும் கேட்டா தப்பில்ல தம்பி. 14 வயசு முடிஞ்சவங்க எல்லாருக்கும் சுத்தபோசனம் உண்டு, அதாவது ஆடு மாடு கோழி பன்னி கூடாது, மீன் நண்டு இறால் முட்டை பாலுக்குத் தடை இல்ல. ஒருசந்திங்கிற நோன்பு 18 வயசுலேர்ந்து 59 வயசு முடியற வரைக்கும், அதுவும் கட்டாயம்னு பாத்தா சாம்பல் புதனும் பெரிய வெள்ளியும் ஆக ரெண்டே நாள்தான், அந்த நாள்ல ஒரு வேளை முழுச் சாப்பாடு, மத்த ரெண்டு வேளை கொஞ்சமா எடுத்துக்கலாம்.

ஆனா ஒரு மீன் தலை இப்ப என்ன விலைன்னு உங்களுக்கே தெரியும். கோழியை விட்டுட்டு அதைவிட ருசியா அதைவிட விலையா ஒண்ணு சாப்பிட்டா நாம எதை விட்டோம்? 5ஆம் நூற்றாண்டுல இருந்த போப்பாண்டவர் பெரிய லியோ தன்னோட தவக்காலப் பிரசங்கங்கள்ல திரும்பத் திரும்ப ஒண்ணைத்தான் சொன்னாரு, நாம வயித்துக்குக் கொடுக்காம வச்சது ஏழைக்குப் போய்ச் சேரணும். அவருக்கும் கிட்டத்தட்ட ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடியே பைபிள்ல எசாயா 58ஆம் அதிகாரத்துல இது வந்துடுச்சு, சாம்பல் புதனுக்கு அப்புறம் வர்ற வெள்ளிக்கிழமை பூசையில வருஷா வருஷம் இதைத்தான் வாசிக்கிறோம், பசிச்சவனோட உன் சாப்பாட்டைப் பகிர்ந்துக்கோ, உன் சொந்த பந்தத்துக்கு முகத்தை மறைக்காதே, இதுதான் நான் கேக்குற நோன்புன்னு ஆண்டவர் சொல்றாரு. அதுல அந்தக் கடைசி வரி இருக்கே, சொந்த பந்தம், அதை நிறைய பேரு கவனிக்கிறதே இல்ல, அடுத்த கேள்வியில அதுக்கு வரேன்.

எங்க பங்குல ஒரு அம்மா இருக்காங்க, வங்கியில வேலை. வெள்ளிக்கிழமை மத்தியானம் சாதாரண சைவச் சாப்பாடு சாப்பிட்டுட்டு, மிச்சமாகுற காசுல சாயங்காலம் ஒரு பொட்டலம் சோறு தாபாவ் பண்ணி அவங்க இருக்கற காண்டோ (அடுக்குமாடி) கேட்ல நைட் ஷிப்ட் பாக்குற நேப்பாளி கார்டுக்குக் கொடுக்குறாங்க. முதல் வாரம் மாட்டுக் கறி வாங்கிட்டுப் போயிருக்காங்க, அவரு கையைக் கூப்பி வேண்டாம்னுட்டாரு, அவரு இந்து. அதுக்கப்புறம்தான் உக்காந்து பேசியிருக்காங்க, ஊரு எது, பிள்ளைங்க எத்தனைன்னு. "இத்தனை வருஷமா அவருக்கு முன்னாடி காடியை ஓட்டிட்டுப் போறேன் ஃபாதர், அவரு பேரு கூட எனக்குத் தெரியாது"ன்னு எங்கிட்ட சொல்லும்போது அவங்க கண்ணு கலங்கிடுச்சு. எனக்குத் தெரிஞ்ச நல்ல தவக்காலம்னா இதைத்தான் சொல்வேன். நீங்க நாலு பேரும் சேர்ந்தே போங்க, சேர்ந்து சாப்பிடுறது நல்லதுதான், மீன் தலையை மட்டும் ஈஸ்டருக்கு வச்சுக்கிட்டு அந்தக் காசு யாருக்குப் போகணும்னு அந்த மேசையிலேயே பேசி முடிவு பண்ணுங்க.

எங்கம்மா இறந்ததுக்கு அப்புறம் வீட்டு விஷயத்துல எனக்கும் அக்காவுக்கும் பேச்சு வார்த்தை இல்ல. ஒரே கோயில்தான், அவங்க ஒரு பக்கம் நான் ஒரு பக்கம். ஒருசந்தி இருக்கேன், சிலுவைப்பாதைக்கு ஒரு வெள்ளி விடாம வரேன், ஜெபமாலை சொல்றேன், ஆனா மனசு காஞ்சுபோன மாதிரி இருக்கு. நான் அவங்களை மன்னிச்சிட்டேன் ஃபாதர், போய்ப் பேசித்தான் ஆகணுமா? - வாசகி, செந்தூல்

அம்மா, உங்க கடிதத்தை நான் ரெண்டு மூணு தடவை படிச்சேன். நீங்க செய்யறது எதுவும் வீண் இல்ல, முதல்ல அதை மனசுல வச்சுக்குங்க. ஆனா கேட்டுட்டீங்க, அதனால நேராவே சொல்றேன், போய்ப் பேசணும்.

தவக்காலம் முதல் வாரம் வெள்ளிக்கிழமை நற்செய்தி மத்தேயு 5. காணிக்கையோட பீடத்துக்கு வந்துட்ட, அங்க நிக்கும்போது உன் சகோதரனுக்கு உன்மேல ஏதோ மனத்தாங்கல் இருக்குன்னு ஞாபகம் வந்தா, காணிக்கையை அங்கேயே வச்சிட்டுப் போய் முதல்ல அவனோட சமாதானமாகுன்னு இயேசு சொல்றாரு. கவனிச்சுப் பாருங்க, "உனக்கு அவன்மேல கோபம் இருந்தா"ன்னு அவரு சொல்லல, "அவனுக்கு உன்மேல இருந்தா"ன்னு சொல்றாரு. அதனால யாரு பக்கம் நியாயம்ங்கிற கேள்வியையே அவரு அங்க எடுக்கல. நீங்க மன்னிச்சிட்டீங்க சரி, அக்கா மனசுல என்ன இருக்கு? அது உங்களுக்குத் தெரியாது, பேசினாத்தானே தெரியும்.

பேசுறதுன்னா வீட்டை விட்டுக்கொடுக்கணும்னு அர்த்தம் இல்ல, இதை நிறைய பேரு போட்டுக் குழப்பிக்கிறாங்க. உங்க பங்கு உங்க உரிமை, லாயர்கிட்ட இருக்கற ஃபைல் லாயர்கிட்டயே இருக்கட்டும், அது பாட்டுக்கு நடக்கட்டும். நான் சொல்றது அக்காங்கிற உறவை அந்த ஃபைலுக்குள்ள வச்சுப் பூட்டாதீங்கன்னுதான். வாட்ஸப்ல நீளமா எழுதாதீங்க, எழுத்துல கோபம் ரெண்டு மடங்காத் தெரியும். பூசை முடிஞ்சு வெளிய வரும்போது பக்கத்துல போய் "அக்கா, உடம்பு எப்படி இருக்கு"ன்னு கேளுங்க, முதல் நாளைக்கு அது போதும். அவங்க முகத்தைத் திருப்பிக்கலாம், அப்படித் திருப்பிக்கிட்டா வலிக்கும், அந்த வலியை அந்த வார சிலுவைப்பாதையில ஒப்புக்கொடுங்க, அடுத்த வாரம் மறுபடியும் கேளுங்க.

உங்க கடிதத்தைப் படிச்சப்ப வேற ஒரு குடும்பம் ஞாபகம் வந்துச்சு. ஒரே அம்மாவோட நினைவு நாளுக்கு ரெண்டு பிள்ளைங்க கோயில் ஆபீஸ்ல தனித்தனி கவர்ல பூசைக் கருத்து, அதாவது பூசையில யாருக்காக வேண்டணும்னு, எழுதிக் கொடுத்திருந்தாங்க. ஒரே பேரு, ஒரே தேதி, ரெண்டு கையெழுத்து. பீடத்துல நின்னு அந்த அம்மா பேரை நான் ரெண்டு தடவை வாசிச்சேன், ரெண்டு பிள்ளைங்களும் அங்கதான் இருந்தாங்க, ஆளுக்கொரு மூலையில. இந்த வருஷம் உங்கம்மாவுக்கு ஒரே கவரா கொடுக்கலாமான்னு அக்காகிட்ட கேட்டுப் பாருங்க, பேச்சைத் தொடங்க உங்களுக்கு அதைவிட நல்ல விஷயம் கிடைக்காது.

இதைப் படிக்கிற மத்தவங்களுக்கு ஒண்ணு. வீட்ல அடி உதை வாங்கி, பயந்து ஒதுங்கி இருக்கறவங்களுக்கு இந்தப் பதில் இல்ல, உங்களைத் திரும்பிப் போய் அங்க நிக்கச் சொல்லி நான் கேக்கவே மாட்டேன். நேர்ல வந்து பேசுங்க.

அம்மாவுக்கு 67 வயசு, சக்கரை வியாதி, இன்சுலின் போடுறாங்க. பெரிய வெள்ளிக்கு வெறும் தண்ணியில இருப்பேன்னு பிடிவாதம். - மகள், கெப்போங்

வேண்டாம். 59 தாண்டினவங்களுக்கு ஒருசந்தி கடமையே இல்ல, நோயாளிங்களுக்கு எந்த வயசுலயும் இல்ல. இன்சுலின் போட்டுட்டுச் சாப்பிடாம இருந்தா சக்கரை திடீர்னு இறங்கி மயக்கம் வந்துடும், உயிருக்கே ஆபத்து. டாக்டர் சொன்ன நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லுங்க, ஃபாதர் சொன்னாருன்னே சொல்லுங்க. அன்னைக்கு டிவியை நிறுத்திட்டு, அவங்க கூட எஸ்டேட்ல இருந்த பழைய சிநேகிதிங்க யாராவது தனியா இருந்தா அவங்களுக்குப் போன் பண்ணிப் பேசட்டும், அதுவும் தவம்தான்.

நீங்க தவக்காலத்துல தினமும் காலையில அனுப்புற சிந்தனை ஆடியோவை எல்.டி.பி. ஹைவே ஜாம்ல கேக்குறேன். கேக்கும்போது நல்லா இருக்கு, காடியை நிறுத்திட்டு லிஃப்ட்ல ஏறும்போது ஒண்ணும் ஞாபகம் இல்ல. என்ன பண்ணலாம்? - வாசகர், பூச்சோங்

முதல்ல அன்னைக்கு நற்செய்தியைப் படிங்க, அப்புறம் என் ஆடியோ. ரெண்டுக்கும் நேரம் இல்லாட்டி ஆடியோவை விட்டுடுங்க, நிஜமாத்தான் சொல்றேன், நான் பேசறது அந்த வாசகத்துக்குக் கதவைத் திறந்து விடத்தான், கதவுகிட்டேயே நின்னுட்டா எப்படி.

தவக்கால வாசகங்களை யாரும் சும்மா அடுக்கி வைக்கல. முதல் வாரம் திங்கக்கிழமை மத்தேயு 25, பசியா இருந்தேன் சாப்பாடு கொடுத்தீங்கங்கிறது, மறுநாள் இயேசு கத்துக்கொடுத்த ஜெபம், வெள்ளிக்கிழமை மேல சொன்ன அந்தக் காணிக்கை. ரெண்டாம் வாரம் வியாழன் பணக்காரனும் லாசரும், அதுக்கு மறுநாள் யோசேப்பைக் கூடப் பிறந்தவங்களே வித்தது, சனிக்கிழமை ஊதாரி மகன். மூணாம் வாரம் செவ்வாய் எத்தனை தடவை மன்னிக்கணும்னு பேதுரு கேக்குறாரு. நாலாவது வாரத்துலேர்ந்து யோவான் நற்செய்திக்குள்ள போயிடுறோம், அங்க இயேசுவைச் சுத்தி எதிர்ப்பு நாளுக்கு நாள் கூடிக்கிட்டே போகும், பெரிய வாரம் வரைக்கும் நம்மளைக் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போகும். நடுவுல நாலு நாள் விட்டுட்டா இந்த ஓட்டம் புரியாது, அதனாலதான் தினமும்னு நான் வற்புறுத்துறேன்.

படிச்சு முடிச்சதும் ஒரே ஒரு வரியை எடுத்துக்குங்க. ஏன் இதுன்னு யோசிக்க வேண்டாம், எது உங்களை உறுத்துதோ அது. லாசர் கதையில எனக்கு எப்பவும் உறுத்துறது, அந்தப் பணக்காரனுக்குக் கதையில பேரே கிடையாது, வாசல்ல புண்ணோட கிடந்தவனுக்குப் பேரு இருக்கு, இயேசு தன்னோட உவமைங்கள்ல பேரு வச்சது அந்த ஏழை ஒருத்தனுக்குத்தான். அந்தப் பணக்காரன் லாசரை அடிச்சான் விரட்டினான்னு எங்கயும் இல்ல, தினமும் தாண்டிப் போனான், அவ்வளவுதான். இதை மட்டும் மனசுல வச்சுக்கிட்டு ஆபீஸ் போங்க, லிஃப்ட்ல துடைப்பத்தோட ஒரு பங்களாதேஷ் தம்பி நிப்பாரு, அங்க உங்களுக்கு வாசகம் ஞாபகம் வரும்.

ஆடியோவை அடுத்தடுத்து அஞ்சாறு க்ரூப்புக்கு ஃபார்வர்ட் பண்றவங்களுக்கும் அன்பா ஒரு வேண்டுகோள், நீங்க முழுசாக் கேட்டுட்டு அனுப்புங்க.

என் வீட்டுக்காரர் இந்து, தைப்பூசத்துக்கு விரதம் இருந்து பத்துமலைக்குப் பால்குடம் எடுக்குறவர். சாம்பல் புதன் அன்னைக்கு என்கூட கோயிலுக்கு வந்து வரிசையில நின்னு சாம்பல் பூசிக்கிட்டார். பின்னாடி இருந்தவங்க ஒரு மாதிரி பேசினாங்க. தப்பா ஃபாதர்? - வாசகி, செராஸ்

தப்பே இல்ல மா. சாம்பல் பூசறது ஞானஸ்நானம், நற்கருணை மாதிரி அருட்சாதனம் இல்ல, மனசு மாறணும்னு நினைக்கிற யாரும் பூசிக்கலாம். நன்மை, அதாவது நற்கருணை வாங்கறது வேற, அதுக்கு ஞானஸ்நானம் வேணும், அந்த நேரத்துல அவரு இடத்துலயே இருந்துக்கட்டும். வாரக்கணக்குல விரதம் இருக்கற மனுஷருக்கு நோன்புன்னா என்னன்னு நம்ம யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்ல, அவரு விரதம் இருக்கும்போது வீட்ல நீங்க எப்படி அனுசரிச்சுச் சமைச்சீங்களோ அதே மாதிரி இப்ப அவரு உங்ககூட வந்து நிக்கிறாரு, நான் அதைப் பெரிய மரியாதையாப் பாக்குறேன். பேசினவங்க இதைப் படிச்சா, தயவு செஞ்சு அடுத்த ஞாயிறு அவருக்கு ஒரு வணக்கம் சொல்லுங்க.

குருகிட்ட பாவத்தைச் சொல்லி பாவசங்கீர்த்தனம் பண்ணி பத்துப் பன்னெண்டு வருஷம் இருக்கும். அதுல சொல்ற உத்தம மனஸ்தாப மந்திரம் மறந்துபோச்சு, வெக்கமா இருக்கு. - வாசகர், கிள்ளான்

வாங்க. "ஃபாதர், ரொம்ப வருஷம் ஆச்சு, எப்படித் தொடங்கறதுன்னு தெரியல"ன்னு சொன்னாப் போதும், மிச்சத்தை நாங்க பாத்துக்குவோம், மந்திரத்தை நீங்க என்கூடச் சேர்ந்து சொல்லலாம். உள்ள சொல்றதை நான் எந்தக் காரணத்துக்காகவும் யாருகிட்டயும் சொல்ல முடியாது, சொன்னா திருச்சபையே என்னை விலக்கி வச்சிடும். உங்க பங்குச் சாமியார் பழக்கப்பட்டவரா இருக்காருன்னு கூச்சமா இருந்தா வேற கோயிலுக்குப் போங்க, தவக்காலத்துல பல பங்குல வெளியிலேர்ந்து நாலஞ்சு குருக்கள் வந்து உக்காருவாங்க, தமிழ்ல பண்ணணும்னா யாருகிட்ட போகணும்னு கோயில் ஆபீஸ்ல கேட்டா சொல்வாங்க. பத்து வருஷம் கழிச்சு ஒருத்தர் வந்து முட்டி போடும்போது எங்களுக்குள்ள எவ்வளவு சந்தோஷம்னு உங்களுக்குத் தெரியாது.

சபா, சரவாக்ல பெரிய வெள்ளிக்கு லீவு இருக்கு, நமக்கு இல்ல. மேனேஜர் அன்னைக்கு லீவு கிடையாதுன்னுட்டார். எம்.சி. (மெடிக்கல் லீவு) எடுத்துட்டு மூணு மணி வழிபாட்டுக்குப் போகலாமா? - வாசகி, கேஎல்

பொய் எம்.சி. வேண்டாம் மா, சத்தியத்துக்குச் சாட்சி சொல்ல வந்தேன்னு ரோம ஆளுநர் பிலாத்துக்கு முன்னாடி நின்ன இயேசுவோட பாடுகளைத்தான் அன்னைக்கு வாசிக்கிறோம், அதைக் கேக்கப் பொய் சொல்லிட்டு வர்றது சரியா வராது. பெரிய வெள்ளி வழிபாடு ஞாயிறு பூசை மாதிரி கட்டாயம் வரவேண்டிய கடன் நாள் கிடையாது, வர முடியாமப் போனா பாவம் இல்ல. மூணு மணிதான் வழக்கமான நேரம், ஆனா வேலைக்குப் போறவங்களுக்காகச் சாயங்காலம் வைக்கவும் அனுமதி இருக்கு, அதனால உங்க கோயில் நோட்டீஸையும் பக்கத்துக் கோயில் நோட்டீஸையும் பாத்து வச்சுக்குங்க. அதுக்கு முன்னாடி மேனேஜர்கிட்ட இன்னொரு தடவை, அரை நாள் மட்டும்னு எழுத்துல கேளுங்க, கூட வேலை பாக்குறவங்க யாராவது அந்த மத்தியானத்தைப் பாத்துக்க ஒத்துக்கிட்டா, ஹரி ராயாவுக்கு நீங்க அவங்களுக்கு நிக்கிற மாதிரி, அதையும் சேர்த்துச் சொல்லுங்க. இந்த வருஷம் பெரிய வெள்ளி ஏப்ரல் 3, ஃபாரத்தை இந்த வாரமே கொடுத்துடுங்க.