சிறையிலிருந்து வரும் தம்பிக்குப் பழைய சம்பளம் கிடைக்குமா?

ஒரு வாசகி கேட்கிறார்: "தம்பி மூன்று வருடச் சிறை முடிந்து சீக்கிரம் வெளியே வருகிறான். முன்பு ஒரு கிடங்கில் மேற்பார்வையாளராக இருந்தான். பழைய சம்பளத்துக்கு வேலை கிடைக்குமா? சிறை சென்றதைச் சொல்லலாமா, மறைக்கலாமா?"

உடனே பழைய சம்பளம் கிடைப்பது கடினம். இதை இப்போதே தம்பியிடம் சொல்லி வைப்பது நல்லது, இல்லையென்றால் நாலு இடத்தில் முடியாது என்றதும் எல்லாம் தன் குறை என்று நினைத்து ஒடிந்துபோவார்.

அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் டெவா பேஜர் என்ற சமூகவியலாளர், ஏறக்குறைய ஒரே தகுதியுள்ள இளைஞர்களை நிறுவனங்களுக்கு வேலை கேட்டு அனுப்பிப் பார்த்தார். 2003-இல் வெளியான முடிவு இது: குற்றப் பதிவு இல்லாத வெள்ளையர்களுக்கு 34 சதவீத இடங்களிலிருந்து மறு அழைப்பு வந்தது, பதிவு இருப்பதாகக் காட்டியவர்களுக்கு 17 சதவீதம்தான். கறுப்பினத்தவருக்கு அதுவே பதிவு இல்லாவிட்டால் 14, இருந்தால் 5. எந்தக் குற்றமும் செய்யாத கறுப்பின இளைஞருக்கு, சிறை சென்ற வெள்ளை இளைஞரைவிட வாய்ப்பு குறைவு! ஏற்கெனவே பின்தங்கியவர்கள்தான் அங்கே அதிகம் சிறைக்குப் போகிறார்கள், இந்த அடியும் திரும்பத் திரும்ப அதே குடும்பங்கள் மேலேயே விழுகிறது. இன்னொன்று, அங்கே வேலையின்மைக் கணக்கெடுப்பில் சிறையில் இருப்பவர்களைச் சேர்ப்பதே இல்லை, அதனால் புள்ளிவிவரம் உண்மையைவிட அழகாகத் தெரிகிறது. எனக்கு இது மிகவும் கோபம் தரும் விஷயம்.

சரி, சம்பளத்துக்கு வருவோம். பியூ அறக்கட்டளையின் 2010 அறிக்கைப்படி, அமெரிக்காவில் சிறை சென்ற ஆண்களின் மணிநேரக் கூலி சுமார் 11 சதவீதம் குறைகிறது, ஆனால் ஆண்டு வருமானமோ 40 சதவீதம் குறைகிறது. வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்றால், வருடத்தில் வேலை இருக்கும் வாரங்களும் குறைந்துவிடுகின்றன. சில மாதம் வேலை, அப்புறம் சும்மா, மறுபடி எங்கோ ஒரு தற்காலிக வேலை. இப்படி இடம் மாறிக்கொண்டே இருப்பவருக்குச் சம்பள உயர்வு எங்கிருந்து வரும்? அதனால் முதல் சம்பளம் கொஞ்சம் குறைவாக இருந்தாலும் நிலைத்து நிற்கக்கூடிய, போகப் போக மேலே போக வழியுள்ள இடத்தைத் தேடச் சொல்லுங்கள்.

கிடங்கு அனுபவத்தை விட்டுவிடாதீர்கள், அதுதான் அவருடைய பெரிய பலம். விண்ணப்பங்களை மட்டும் அனுப்பிவிட்டுக் காத்திருக்காமல், பழைய சக ஊழியர்கள், அவரை வேலையில் பார்த்தவர்கள் மூலமாகப் போகட்டும். பேஜரும் அவருடைய சகாக்களும் பின்னர் நியூயார்க்கில் செய்த ஆய்வில், முதலாளியோடு நேரில் பேச வாய்ப்புக் கிடைத்தவர்களுக்குப் பதிவினால் வரும் பாதிப்பு குறைந்தது. காகிதத்தில் தெரிவது பதிவு மட்டும்தான், நேரில் போனால் ஆளும் தெரிவார்.

மறைக்கலாமா என்றால், நேரடியாகக் கேட்டால் பொய் வேண்டாம். பின்னால் தெரியவந்தால் பழைய குற்றத்தைவிடப் பொய்தான் வேலையைப் பறிக்கும். கேட்காத இடத்தில் தானாகச் சொல்ல வேண்டுமா என்பது நாட்டுக்கு நாடு, வேலைக்கு வேலை மாறும், அதை வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பதில் சுருக்கமாக இருக்கட்டும்: என்ன நடந்தது, அதற்குப்பின் என்ன செய்தார், இந்த வேலைக்கு ஏன் பொருத்தம். வழக்கின் கதை முழுவதும் வேண்டாம், யார் மேலும் பழி போடவும் வேண்டாம்.

உள்ளே ஏதாவது பயிற்சி கிடைக்கிறதா என்று இப்போதே கேளுங்கள். நார்வேயில் 2020-இல் வெளியான ஓர் ஆய்வு, முன்பு வேலையில் இல்லாதவர்கள் சிறை சென்றபின் வேலைப் பயிற்சிகளில் அதிகம் சேர்ந்ததையும், அவர்களுக்கு வேலை வாய்ப்பு கூடியதையும் காட்டியது. ஏற்கெனவே வேலையில் இருந்தவர்கள் இழந்த இடத்தை மீட்கத் திணறினார்கள். உங்கள் தம்பி இந்த இரண்டாவது வகை என்பதால், வெளியே வரும் முன்பே பழைய தொடர்புகளை நீங்கள் புதுப்பித்து வையுங்கள். அடையாள அட்டை, சான்றிதழ்கள், வங்கிக் கணக்கு எல்லாம் நடப்பில் இருக்கின்றனவா என்றும் இப்போதே பார்த்துவிடுங்கள், வேலை கிடைத்த பிறகும் இவை இல்லாமல் சேர முடியாமல் போகிறவர்கள் உண்டு.